ஐந்நூறு எழுத்துகளுக்குள்

அறுபத்து மூன்று வழக்குகளை
ஒரே வழக்காகக் கட்டிவிட்டார்களாம்.
அமெரிக்காவில், நான் போகாத ஊரில்
ஒரு கூட்டரசு நீதிமன்றம்,
ஒரு நீதிபதி, ஒரு நீண்ட எண்.
நான் அதில் 'வகுப்பு உறுப்பினர்'.
ஈசூனில் பள்ளிக்கூடம் முடித்து
இருபத்திரண்டு வருஷம் கழித்து
மறுபடி ஒரு வகுப்பு.
பதினெட்டு லட்சம் பேர் இருக்கிறோம்.
யார் முகமும் யாருக்கும் தெரியாது.

மேகத்திலிருந்து திருட்டுப் போனது என்கிறது கடிதம்.
மேகம் லோயாங்கில் இருக்கிறது,
ஜன்னல் இல்லாத நாலு மாடி.
அங்கே குளிரூட்டிகளைப் பார்த்துக்கொள்வது
என் வீட்டுக்காரர் புகழேந்தி,
ராத்திரி ஷிஃப்ட்.
யாருடைய மேகம் அது என்று கேட்டேன் ஒருநாள்.
'பேரெல்லாம் கிடையாது, நம்பர்தான்.
வெந்துபோகாம பாத்துக்கணும், அவ்வளவுதான்.'

படிவம் கேட்கிறது:
உங்களுக்கு நேர்ந்த இழப்பை
ஐந்நூறு எழுத்துகளுக்குள் விவரிக்கவும்.
ரசீது இருந்தால் இணைக்கவும்.

அது கர்ப்பகாலத்துக்கான செயலி.
வாரத்துக்கு ஒரு காய், ஒரு பழம்.
உங்கள் குழந்தை இப்போது திராட்சை அளவு,
எலுமிச்சை அளவு.
பதினாறாம் வாரம், அவகாடோவில்,
எல்லாம் முடிந்தது.
மருத்துவமனைத் தாளில் அதற்கு ஒரு வார்த்தை இருந்தது,
பெயர் இல்லை.
செயலிக்கு யாரும் சொல்லவில்லை.
எந்தப் பொத்தானை அழுத்தினால் நிற்கும் என்று
நானும் தேடவில்லை, உண்மையைச் சொன்னால்.
சோளக்கதிர் ஆனாள். பப்பாளி ஆனாள்.
நாற்பதாம் வாரம் தர்பூசணி,
திரை முழுக்கக் காகிதப்பூ தூவி
வாழ்த்துகள் என்றது.
அன்றிரவு, அவர் வேலைக்குப் போனபின்,
'பிள்ளையின் பெயர் (விரும்பினால்)' கட்டத்தில்
நிறைமதி என்று போட்டேன்.
அவரிடம்கூடச் சொல்லவில்லை.
உலகத்தில் ஒரே இடத்தில் இருந்தது அந்தப் பெயர்.

மூன்று வருஷம் கழித்து
ஈரச்சந்தையில், மீன்காரர்
செலாருக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது
தெரியாத எண்.
'வணக்கம், நிறைமதியோட அம்மாங்களா?'

பனிக்கட்டியில் கைவைத்துக்கொண்டு நின்றேன்.
மகளுக்குப் பாலர் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறதாம்,
பதிவுக் கட்டணம் நாற்பது வெள்ளியாம்.
குரல் இளசு. எழுதிவைத்துப் படிக்கிறான்.
பின்னால் இன்னும் பத்துப் பேர்
யார் யாருடைய அம்மாக்களையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
சரியாகக் கேட்கவில்லை, பேரைச் சொல்லுங்க, என்றேன்.
சொன்னான்.
இன்னொரு தடவை என்றேன்.
லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு
நிறுத்தி நிறுத்திச் சொன்னான்,
நி. றை. ம. தி.

திருடன் என்று எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் கட்டினேன்.
ரசீது வந்தது:
மாணவர் நிறைமதி, பாலர் ஒன்று,
நாற்பது வெள்ளி, நன்றியுடன்.
அச்சடித்து, பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில்
வைத்திருக்கிறேன்.

வழக்கு ஜெயித்தால் ஆளுக்குப் பதினொரு வெள்ளி வரலாம் என்கிறார்கள்.
வராமலும் போகலாம்.
யாரிடம் என்ன கேட்பது?
பூட்டாமல் விட்ட கம்பெனி மேல் கோபம் உண்டு,
பொய்யில்லை.
ஆனால் அந்தப் பையன் ஒருத்தன்தான்
என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறான்.
இதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

கெடு அங்கே நள்ளிரவு, இங்கே நாளை மதியம்.
பெயரை மட்டும் தட்டிப் பார்த்தேன்.
எனக்கு நாலு எழுத்து.
படிவம் ஏழு என்று எண்ணுகிறது,
கொம்பையும் சுழியையும் தனித்தனியாக.
மீதம் 493.

சாவிச் சத்தம்.
கோப்பிப் பையைத் தொங்கவிட்டபடி
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்,
நான் திரையை இறக்குவதற்குள்.
'அந்த மேகக் கேஸா?
ரசீது ஏதும் இருக்கா நம்மகிட்ட?'

இல்லை என்றேன்.